டைம் அக்கா கைதவறிய இடம்

மேனேஜரிலிருந்து கேன்டீனில் தட்டு கழுவுகிறவர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் டைம் அக்காதான். வயதில் மூத்தவர்கள்கூட நரைத்த மீசையோடு ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்று, "அக்கா, நேத்து லேட்டாயிடுச்சுக்கா" என்று தலையைச் சொறிவார்கள். "இப்படியே சொறிஞ்சா இருக்கற நாலு முடியும் கொட்டிடும், போங்க" என்பாள் அவள். திட்டுவது போலத்தான் இருக்கும். ஆனால் அவளிடம் திட்டு வாங்கியவர்கள் யாரும் முகம் வாடிப் போனதாகச் சரித்திரம் இல்லை.

பம்பு மோட்டார்களுக்கு ஷாஃப்ட் கடைகிற தொழிற்சாலை அது. வாயிற்கதவை ஒட்டி ஒரு சின்ன அறை, அதற்கு ஒரே ஒரு ஜன்னல், அதுதான் டைம் ஆபீஸ். ஜன்னல் இருக்கிற உயரத்துக்கு, வருகிறவர்களின் மார்பிலிருந்து நெற்றி வரைதான் உள்ளே தெரியும். அந்த அரைகுறை உருவங்களைப் பார்த்தே அவள் பாதி ஆயுளைக் கழித்திருந்தாள். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தால் வீட்டில் சண்டை என்று கண்டுபிடித்துவிடுவாள்.

அப்பா செத்த வருஷம் வேலைக்குச் சேர்ந்தவள். அப்போது பித்தளை டோக்கன். உள்ளே வருகிறவர்கள் பலகையிலிருந்து எடுத்துப் பெட்டியில் போட வேண்டும், யார் போட்டார்கள் என்று அவள் எண்ண வேண்டும். பிறகு நேரம் குத்துகிற அட்டை வந்தது. அதற்குப் பிறகு வாயிலில் தேய்க்கிற அடையாள அட்டை. ஒவ்வொரு முறை புதுசு வரும்போதும், "அக்காவுக்கு இனிமே என்ன வேலை, வீட்டுக்கு அனுப்பிடுவாங்க" என்று பேச்சு கிளம்பும். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? பேசினவர்கள் ஓய்வு பெற்றுப் போனார்கள், அக்கா அதே நாற்காலியில் இருந்தாள். பித்தளை டோக்கன் போனாலும், ஊழியர் எண்ணை அங்கே இன்றைக்கும் டோக்கன் நம்பர் என்றுதான் சொல்கிறார்கள்.

கல்யாணம் ஆகவில்லை. அவளை யாரும் ஏமாற்றவில்லை, கைவிடவில்லை, சோகக் கதை தேடுகிறவர்களுக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது. தம்பி படிக்கட்டும் என்று ஒரு முறை தள்ளிப்போட்டாள். தம்பிக்கு வேலை கிடைக்கட்டும் என்று இன்னொரு முறை. தம்பிக்கு முதலில் ஆகட்டும் என்று மூன்றாவது முறை தள்ளியபோது, கேட்டு வருகிறவர்களே நின்றுபோனார்கள். அவ்வளவுதான். அதைப் பற்றி அவள் அழுததில்லை என்று சொன்னால் பொய். அழுதிருக்கிறாள், துணி காயப்போடுகிற நேரத்தில், ஈரத்தோடு ஈரமாக.

தம்பி மனைவி நல்ல பெண், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் ஒற்றுமையாக இருக்கிற வீடு உண்டா என்று யாராவது கேட்டால், மூன்றாவது மாடியில் அவள் அவர்களோடு இருக்கும் அந்த வீட்டைத்தான் காட்ட வேண்டும்.

அந்த வருஷம் தலைமை அலுவலகம் ஒரு புது ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு இயந்திர வரிசையின் முனையிலும் ஒரு தொடுதிரை வைத்தார்கள். ஒரு வேலையை ஆரம்பிக்கும்போது தன் லாகின் பெயரைப் போட்டு உள்ளே நுழைந்து 'ஸ்டார்ட்' அமுக்க வேண்டும், முடித்ததும் 'ஸ்டாப்'. எந்த ஷாஃப்டுக்கு யார் எத்தனை நேரம் செலவழித்தார்கள் என்று மேலே தெரிந்துவிடும். ஆனால் திரைக்குத் தெரிவது லாகின் பெயர்தான். சம்பளமும் வருகையும் ஓடுவது டோக்கன் நம்பரில். இரண்டையும் முடிச்சுப் போட வேண்டும். முடிச்சு விழாவிட்டால் ஆள் வாயிலுக்குள் வந்திருப்பார், வேலை மட்டும் யார் கணக்கிலும் சேராமல் அந்தரத்தில் தொங்கும்.

"இதை நாங்களே சென்ட்டர்ல இருந்து பண்ணிடறோம்" என்றார் தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த கம்ப்யூட்டர் இன்ஜினியர்.

"இங்க ஒரே பேர்ல மூணு பேர் இருக்காங்க, எல்லாரும் ஒரே டிபார்ட்மென்ட். டைம் அக்கா பண்ணட்டும்" என்றார் மேனேஜர். பிறகு அவளைத் தனியே கூப்பிட்டு, "அம்மா, ஒண்ணு சொல்லிடறேன். டைம் ஆபீஸையே மூடிட்டு எல்லாத்தையும் அங்கருந்து பார்த்துக்கலாம்னு அவங்களுக்கு ஒரு எண்ணம் இருக்கு. இதுல ஒரு தப்பு வந்தா அவங்களுக்கு அதுவே சாக்காப் போயிடும். பார்த்துப் பண்ணுங்க" என்றார்.

பார்த்துத்தான் பண்ணினாள். ஷிஃப்ட் முடிந்ததும் ஒவ்வொருவராக ஜன்னலுக்கு வந்து தங்களுக்குப் பிடித்த லாகின் பெயரைச் சொன்னார்கள். அதைக் கேட்கக் காது கொடுத்து வைத்திருக்க வேண்டும். எலும்பும் தோலுமாக இருக்கிற வெல்டர் 'சிங்கம்' என்று வைத்துக்கொண்டார். கிரேன் ஓட்டுகிறவர் மனைவி பெயரை வைத்தார். மறுநாளே ஓடி வந்து, "அக்கா, மாத்திடுங்கக்கா. 'ஸ்டாப்' அமுக்கறப்ப எல்லாம் என்னவோ மாதிரி இருக்கு" என்றார். லாகின் பெயர் என்ன வேடிக்கையாக இருந்தாலும், உள்ளே நுழைந்ததும் டோக்கன் நம்பருக்கு உரிய அசல் பெயர்தான் திரையில் பெரிதாக வரும். வணக்கம், இன்னார், என்று.

கடைசி நாள் கடைசி ஆளாக வந்தவர் மைக்ரான்.

லேத்தில் ஷாஃப்ட் கடைகிறவர். மயிரிழையில் ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் மனசு ஒப்பாது என்பதால் அந்தப் பெயர் என்று சிலர் சொல்வார்கள். அவர் பேச்சும் அந்த அளவில்தான் வெளியே வரும் என்பதால் வந்த பெயர் என்று மற்றவர்கள் சொல்வார்கள். மனைவி தவறிப் பல வருஷமாகிறது. மகள் கல்யாணமாகித் தொலைவில் இருக்கிறாள். அம்மா என்று கூப்பிடுகிற மேனேஜரை விட்டால், அந்தத் தொழிற்சாலையிலேயே அவளை அக்கா என்று கூப்பிடாதவர் அவர் ஒருவர்தான். வேறு எப்படியும் கூப்பிட்டதும் இல்லை. ஜன்னலுக்கு முன்னால் வந்து நிற்பார், அவள் நிமிர்ந்து பார்ப்பாள், அதுவே போதுமானதாக இருந்தது.

"லாகின் பேர் என்ன வேணும்?"

"நீங்களே ஒண்ணு போட்டுடுங்க."

"மைக்ரான்னே போடட்டுமா? கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"நீங்க போட்டா சரி."

அவள் போட்டாள். அடுத்து டோக்கன் நம்பரை அடிக்க வேண்டும். அப்போது அவர் கேட்டார்: "எல்லாரும் போயாச்சு. உங்களுக்குப் பசிக்கலையா?"

அந்த ஜன்னல் வழியே அவளிடம் ஆயிரம் கேள்விகள் வந்திருக்கின்றன. லீவு இருக்கா, ஓவர்டைம் ஏறிடுச்சா, லேட் போட்டுட்டீங்களா. பசிக்கிறதா என்று ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. "வீட்டுக்குப் போய்த்தான்" என்றாள். காது மடல் சூடானது அவளுக்கே தெரிந்தது. இந்த வயதில் இதென்ன கூத்து என்று தன்னையே அதட்டிக்கொண்டு, நம்பரை அடித்து, சேமி என்பதை அமுக்கி, ஜன்னலைச் சாத்தினாள். பஸ் நிறுத்தம் வரைக்கும் அவர் கொஞ்சம் பின்னால், அதே வழியில் போகிறவர் போல நடந்து வந்தார். அதே வழிதானா என்று அவள் கேட்கவில்லை.

ஒரு மாதம் ஓடியது. திரைகள் நன்றாகவே வேலை செய்தன. ஒரு புகார் வரவில்லை. டைம் அக்காவுக்கும் கொஞ்சம் பெருமைதான்.

மாதம் முடிந்து இரண்டொரு நாளில் சூப்பர்வைசர் மூச்சிரைக்க ஜன்னலுக்கு வந்தார்.

"அக்கா, தெரியுமா சங்கதி? புது சிஸ்டத்துக்கு ஒத்துழைக்காதவங்களை எல்லாம் வெளியூர்ல இருக்கற நம்ம இன்னொரு யூனிட்டுக்கு மாத்தறாங்களாம். நம்ம இடத்துலருந்து ஒரே ஒரு பேர். மைக்ரான் அண்ணன்."

"அவரா? அவர் என்ன ஒத்துழைக்கல?"

"மாசம் முழுக்க உள்ள இருந்திருக்காராம், ஒரு நிமிஷ வேலைகூட அவர் நம்பர்ல ஏறலையாம். ஷாஃப்ட் எல்லாம் தானா நடந்து வந்து ரேக்ல உக்காந்துச்சா, கண்ணால பார்த்தேனே சார்னு மேனேஜர்கிட்ட கத்திட்டு வரேன். மேல இருக்கறவங்க சொல்றாங்களாம், வேலை செஞ்சிருப்பார், திரையைத் தொட்டிருக்க மாட்டார், அந்த மாதிரி ஆள் வேண்டாம்னு. அவர்கிட்டயும் கேட்டேன். ஸ்டார்ட் அமுக்கினீங்களா இல்லையாண்ணேன்னு. அமுக்கினேங்கறார். வேற ஒரு வார்த்தை வரணுமே அந்த வாயிலருந்து!"

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாயில்லாத பிள்ளை என்ன செய்யும்? அந்த இன்னொரு யூனிட்டுக்கு ராத்திரி ரயில் ஏறினால் மறுநாள் மத்தியானம்தான் போய்ச் சேர முடியும். வெள்ளிக்கிழமை உத்தரவு கையெழுத்தாகிறது என்று சொல்லிவிட்டு சூப்பர்வைசர் போனார். டைம் அக்கா சும்மா உட்கார்ந்திருந்தாள். உத்தரவு வந்த பிறகு அந்த ஜன்னலில் எல்லா முகமும் வரும், ஒரு முகம் வராது என்பதை நினைத்துப் பார்த்தாள். அந்த ஆள் மீது தனக்கு ஆசை இருக்கிறது என்பதை அவள் ஒப்புக்கொண்டது அந்த நிமிஷத்தில்தான். ஒப்புக்கொள்ள வேண்டிய நேரமா அது?

அன்று மாலை தட்டில் போட்டதை அளைந்துகொண்டே இருந்தாள்.

"என்ன அண்ணி, சாப்பாட்டுல கோலம் போடறீங்க?" என்றாள் தம்பி மனைவி.

"ஆபீஸ்ல ஒருத்தரை மாத்தறாங்க."

"யாரை?"

"லேத்துல ஒருத்தர். உனக்குத் தெரியாது."

"தெரியாமயா? மைக்ரான் மைக்ரான்னு வாரத்துக்கு நாலு தரம் சொல்றீங்களே. அவர் சட்டையில எந்தப் பொத்தான் போச்சுங்கறது வரைக்கும் எனக்குத் தெரியும்." தம்பி சட்டென்று தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் காதுகள் மட்டும் இந்தப் பக்கம் இருந்தன. "மாத்தட்டும்னு விட்டுடப் போறீங்களா அண்ணி? எல்லாருக்கும் நேரம் பார்த்துப் பார்த்துக் கொடுத்தீங்க. உங்களுக்கு ஒண்ணு பார்த்துக்கக் கூடாதா?"

டைம் அக்கா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மறுநாள் காலை கணினி முன் உட்கார்ந்தாள். அமுக்கினேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னால் அமுக்கியிருப்பார். அமுக்கியிருந்தால் அந்த நேரம் எங்கேயாவது போய்த்தான் விழுந்திருக்க வேண்டும். ஆளை வைத்துத் தேடாமல், அவர் கடைந்த ஷாஃப்டின் வேலை எண்ணை வைத்துத் தேடினாள். வந்தது. ஆரம்பித்த நேரம், முடித்த நேரம், எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஒன்றுவிடாமல் அமுக்கியிருக்கிறார் மனுஷன். யார் கணக்கில் ஏறியிருக்கிறது என்று வலது பக்கம் கண்ணை ஓட்டினாள்.

அவளுடைய டோக்கன் நம்பர். அவளுடைய பெயர்.

திரும்பப் பார்த்தாள். அடுத்த வேலையை எடுத்துப் பார்த்தாள். மாதம் முழுக்கக் கடைந்த அத்தனை ஷாஃப்டையும் டைம் அக்காதான் கடைந்திருந்தாள். ஆபீஸ் ஊழியர்கள் இயந்திரங்கள் ஓடுகிற ஷாப் ஃப்ளோரின் அறிக்கையில் வரமாட்டார்கள், அதனால் அந்த நேரம் முழுவதும் யார் கண்ணிலும் படாமல் அவள் பெயரில் பதுங்கிக் கிடந்தது. பசிக்கலையா என்று அவர் கேட்ட அந்த நிமிஷம், அவர் நம்பரை அடிக்க வேண்டிய இடத்தில் விரல் அது பாட்டுக்கு அவள் நம்பரை அடித்திருக்கிறது. தொழிற்சாலை முழுக்க அத்தனை பேருக்கும் சரியாக முடிச்சுப் போட்டவள், அந்த ஒரு ஆளை மட்டும் தன்னோடு முடிச்சுப் போட்டுவைத்திருந்தாள்.

வேறு யாராவது செய்திருந்தால் அவளே விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

இனிமேலுக்கு முடிச்சை மாற்றுவது சுலபம். ஒருவருக்கும் தெரியாமல் மாற்றிவிடலாம். ஆனால் மாற்றல் உத்தரவு பார்ப்பது போன மாதத்தை. போன மாதத்தைத் திருத்தத் தலைமை அலுவலகத்தின் அனுமதி வேண்டும், அதற்கு இது யார் செய்த தப்பு என்று சொல்ல வேண்டும். சொன்னால் மேனேஜர் எச்சரித்த சாக்கு அவர்கள் கைக்குப் போய்விடும். ஜன்னலும் நாற்காலியும் போகும். சொல்லாவிட்டால் மைக்ரான் போவார். அவள் அதிகம் யோசிக்கவில்லை. யோசித்தால் பயம் வந்துவிடும் என்று எழுந்து நடந்தாள்.

மேனேஜர் அறையில் கம்ப்யூட்டர் இன்ஜினியரும் இருந்தார். நல்லதாகப் போயிற்று, ஒரு அவமானத்தை இரண்டு முறை படவேண்டியதில்லை.

"சார், மைக்ரான் மேல தப்பில்ல. முடிச்சுப் போட்டது நான். அவர் லாகினை என் நம்பரோட சேர்த்துட்டேன். வேலை எல்லாம் என் பேர்ல இருக்கு."

இன்ஜினியர் மடிக்கணினியில் தேடினார். தேடி முடித்ததும், "ஆமா சார். அங்கதான் இருக்கு" என்றார். அவர் முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது, அடக்கிக்கொண்டார்.

மேனேஜர் கோபப்படவில்லை, அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. "இத்தனை வருஷத்துல உங்ககிட்ட ஒரு தப்பு பார்த்ததில்லம்மா. இதை நான் எழுதி அனுப்பித்தான் ஆகணும். அந்த ஜன்னல் உங்ககிட்டயே இருக்கும்னு என்னால வாக்குக் கொடுக்க முடியாது."

"அவர் பேரை அந்த உத்தரவுலருந்து எடுத்துடுவாங்கல்ல சார்?"

"அது எடுத்துடுவாங்க."

"அப்ப போதும்."

மேனேஜர் ஏதோ தோன்றி, மைக்ரானை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே அவர் உள்ளே வந்தார். அவளைப் பார்த்ததும் துடைப்பது நின்றது.

"உங்க லாகினை இவங்க நம்பரோட தப்பா சேர்த்துட்டாங்க. அது சரி, நடந்தது நடந்துபோச்சு. ஆனா எனக்கு ஒண்ணு புரியல. லாகின் பண்ணதும் திரையில பேர் வருமே. உங்க பேர் வரல, இவங்க பேர்தான் வந்திருக்கும். நீங்க பார்க்கலையா?"

"பார்த்தேன் சார்."

"எப்ப பார்த்தீங்க?"

"முதல் நாளே."

டைம் அக்கா தலையைத் தூக்கினாள்.

"முதல் நாளே பார்த்துட்டு ஏன்யா சொல்லல? ஊரை விட்டே தூக்கறாங்க, சூப்பர்வைசர் வந்து கெஞ்சறார், அப்பவும் வாயைத் திறக்கலையே!"

மைக்ரான் கையிலிருந்த துணியை நாலாக மடித்தார். அவர் வாழ்நாளில் பேசிய மிக நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

"காலையில வந்து கையைக் கழுவிட்டு லாகின் பண்ணுவேன். வணக்கம்னு போட்டு இவங்க பேர் வரும். வீட்ல இருந்து கிளம்பி அதுவரைக்கும் நான் ஒரு மனுஷங்ககிட்டயும் பேசியிருக்க மாட்டேன் சார். அந்தப் பேரைப் பார்த்தா... நல்லா இருந்தது. நாள் நல்லாப் போச்சு. அதான் சொல்லல. சொன்னா மாத்திடுவாங்க. இவங்களுக்கும் கெட்ட பேர் வரும்."

கம்ப்யூட்டர் இன்ஜினியர் மேலே ஓடுகிற மின்விசிறியை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்தார்.

"அதுக்காக ரயில் ஏறிப் போயிடுவீங்களா?" மேனேஜரின் குரல் இறங்கியிருந்தது.

"இல்ல சார். இன்னிக்குச் சொல்லிடலாம்னுதான் இருந்தேன்."

"நேத்து?"

"நேத்தும் அப்படித்தான் இருந்தேன்."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அதில் ஒரு அழுக்கும் இல்லை. "சரி. முடிச்சை மாத்துங்கம்மா. என் முன்னாடியே மாத்திடுங்க" என்றார்.

இன்ஜினியர் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினார். அவள் மைக்ரானின் லாகினை எடுத்தாள். இந்த இணைப்பை நீக்கவா என்று கேட்டது. ஆம், இல்லை, என்று இரண்டு கட்டங்கள். எத்தனையோ பேர் வேலையை விட்டுப் போனபோது யோசிக்காமல் ஆம் போட்டிருக்கிறாள். இப்போது விரல் அந்தரத்தில் நின்றது. கண் நிறைந்து எழுத்துகள் கலங்கின. யாரும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் அவளே ஆம் என்பதை அமுக்கினாள். அவருடைய டோக்கன் நம்பரை, இந்த முறை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லிக்கொண்டே அடித்தாள்.

இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். அவர் லேத்துக்குப் போக வேண்டும், அவள் ஜன்னலுக்கு. இரண்டுக்கும் வழி ஷாப் ஃப்ளோருக்குள்தான். இரண்டு பக்கமும் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. வெல்டர் சிங்கம் முகமூடியைத் தூக்கிவிட்டு வெளிப்படையாகவே வேடிக்கை பார்த்தார்.

"உங்க வேலைக்கு ஆபத்து வந்துடுச்சு, என்னால" என்றார் அவர்.

"உங்களாலயா? நம்பர் அடிச்சது நான்." அவள் நின்றாள். இத்தனை வருஷம் எல்லோரையும் அதட்டிய குரல் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. இருக்கிற குரலை வைத்துச் சொன்னாள்: "இனிமே திரையில உங்க பேர்தான் வரும். என் பேர் வேணும்னா என்கிட்டதான் கேக்கணும்."

"கேட்டா?"

"கேட்டுப் பாருங்க."

அவர் கேட்டார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து லேத்தின் உளி இரும்பில் போய்ப் பதிந்தது. கிறீச்சென்ற சத்தத்தில் ஒரு வார்த்தைகூட அவள் காதில் விழவில்லை. உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. "சரி" என்று அவள் கத்தினாள்.

என்ன கேட்டார் என்பதை மாலையில் பஸ் நிறுத்தத்தில் மறுபடியும் ஒரு முறை கேட்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். பதிலை மாற்றவில்லை.